ஏப்ரல் பன்னிரண்டில் பிறந்தவள்

லியோகாடியா என்பது கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தபோது வைத்த பெயர். அதை அவள் அம்மாகூட முழுதாகச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் லோட்டி. அமெரிக்காவின் மிச்சிகனில், ஹூரான் ஏரிக்குப் பக்கத்துச் சர்க்கரை ஆலை ஊர் ஒன்றில், போலந்துக்காரர்கள் நெருங்கி வாழ்ந்த தெருவில், 1937 ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி பிறந்தாள். அப்பா வாலென்டி பாவ்லாக் ஆலையில் கொதிகலனுக்குக் கரி தள்ளினார். அம்மா ஸ்டெஃபானியாவுக்கு வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். அண்ணன் ஸ்டாஷ் லோட்டியைவிட ரொம்பவே மூத்தவன்.

பள்ளியில் முதல் வகுப்பு எடுத்த கன்னியாஸ்திரி சிஸ்டர் போனிஃபாசியாவுக்குத் தேதிகள் என்றால் உயிர். லோட்டியின் பிறந்தநாளைக் கேட்டதும், அதே நாளில்தான் சம்ட்டர் கோட்டையின்மேல் பீரங்கி வெடித்து வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட உள்நாட்டுப் போர் தொடங்கியது என்று வகுப்புக்கே அறிவித்துவிட்டார். அன்று சாயங்காலமே ஸ்டாஷ் அவளுக்குப் பீரங்கி என்று பெயர் வைத்தான். பெயர் பொருந்தத்தான் செய்தது. மெல்லப் பேசுவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது.

எட்டாவது பிறந்தநாள் வந்தபோது ஸ்டாஷ் ராணுவத்தில், ஜெர்மனியில் இருந்தான். சர்க்கரை ஆலை ஊரிலேயே சர்க்கரைக்கு ரேஷன். அம்மா வாரக்கணக்கில் தன் காப்பிக்குப் போடாமல் மிச்சம் பிடித்து, கசகசாவை அரைத்து உள்ளே வைத்துச் சுருட்டிய பெரிய கேக் ஒன்றைச் சுட்டாள். லோட்டி தலைவாரி ரிப்பன் கட்டிக்கொண்டு, தோழிகள் வரும் நேரத்துக்காக ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். தோழிகளுக்கு முன்னால் அடுத்த வீட்டு வாண்டா கோர்ஸ்கி கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தாள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஜார்ஜியாவில் இறந்துவிட்டாராம், ரேடியோவில் சொல்கிறார்களாம். அம்மா சமையல் ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்து, கேக்கை எடுத்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். தோழிகள் யாரும் வரவில்லை.

அப்பா வேலை முடிந்து கரி படிந்த முகத்தோடு வந்தார். அழுத இடம் மட்டும் கோடாக வெளுத்திருந்தது. லோட்டியும் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் வேறு காரணத்துக்காக.

"அவரு நாளைக்குச் செத்திருக்கக் கூடாதாப்பா?"

அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அப்பா தடுத்து, லோட்டியை மடியில் உட்காரவைத்தார். அந்த மனுஷனால் தன் காலில் நிற்க முடியாது, தெரியுமா என்று கேட்டார். இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் போய்விட்டன, இரும்புப் பட்டை மாட்டிக்கொண்டு, யாராவது கையைப் பிடித்துக்கொண்டால்தான் நிற்பார், அப்படி நின்றுகொண்டே நாட்டைத் தூக்கி நிறுத்தினார் என்றார். லோட்டிக்கு அது புதுச் செய்தி. சுவரில் மாட்டியிருந்த படத்தில் ஜனாதிபதிக்குத் தோள்வரைதான் இருந்தது. அதற்குக் கீழே என்ன இருக்கும் என்று அவள் யோசித்ததே இல்லை. மறுநாள் கேக் கொஞ்சம் காய்ந்திருந்தது. ஆனாலும் அவள் ஒரு துண்டுகூட விட்டுவைக்கவில்லை.

போர் முடிந்து ஸ்டாஷ் முழு ஆளாகத் திரும்பி வந்தான். வீடு பழையபடி சத்தமானது. 1952 கோடையில் லோட்டிக்குப் பதினைந்து வயது. விடுமுறையில் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும்போல அவளும் வெள்ளரி பறிக்கப் போனாள். ஆகஸ்டில் ஒருநாள் கழுத்து வலிக்கிறது என்று வயலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காலை ஸ்பூனைத் தூக்க முடியவில்லை. அதற்கு மறுநாள் மூச்சு இழுப்பதே பெரும்பாடாகிவிட்டது.

சுகாதார இலாகாக்காரர்கள் வந்து வாசல் கதவில் போலியோ என்று அட்டை ஒட்டினார்கள். தெருவில் நடப்பவர்கள் எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். வாண்டா தன் கைக்குழந்தை ஐரீனையும் மற்றப் பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு அக்கா வீட்டுப் பண்ணைக்குப் போய்விட்டாள். போகும்போது ஸ்டெஃபானியா கொடுத்திருந்த ஜாம் பாட்டில்களைக் குப்பையில் போட்டுவிட்டுப் போனாள். ஸ்டெஃபானியா அதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

நகரத்து ஆஸ்பத்திரியில் லோட்டியை இரும்பு நுரையீரல் என்று சொல்லப்பட்ட எந்திரத்துக்குள் வைத்தார்கள். பெரிய தகர உருளை. தலை மட்டும் வெளியே. அது உஸ்ஸென்று இழுக்கும்போது அவள் மார்பு விரியும், விடும்போது சுருங்கும். முகத்துக்கு மேலே ஒரு கண்ணாடி சாய்த்து மாட்டியிருந்தது. உலகம் முழுவதும் அதில் தலைகீழாகத்தான் தெரியும். ஓபல் என்ற நர்ஸ் அந்தக் கண்ணாடிக்குள் வந்து மூக்கைச் சுளித்து அழகு காட்டுவாள். பக்கத்து எந்திரத்தில் மேரிபெத் என்ற சின்னப் பெண் இருந்தாள். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். ஒருநாள் லோட்டி தூங்கி எழுந்தபோது அந்த எந்திரம் திறந்து கிடந்தது. ஓபல் அன்று அழகு காட்ட வரவில்லை.

பெற்றவர்களை உள்ளே விடமாட்டார்கள். அம்மா ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து, வெளியே ஒரு மரப்பெட்டியின்மேல் ஏறி நின்று ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். அவள் உதடுகள் ஓயாமல் அசையும். செபம் சொல்கிறாள் என்று லோட்டிக்குத் தெரியும். என்ன செபம் என்று தெரியாது.

செப்டம்பரில் ஒரு மத்தியானம் இடியும் மழையுமாக அடித்து மின்சாரம் போயிற்று. எந்திரம் நின்றது. லோட்டியால் கத்தக்கூட முடியவில்லை. கத்தவும் மூச்சு வேண்டுமே. ஓபல் ஓடிவந்து உருளையின் அடியில் இருந்த கைப்பிடியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள். ஒரே வார்டில் எத்தனையோ எந்திரங்கள், ஆள் போதாது. தரை துடைக்கிறவர், லிஃப்ட் ஓட்டுகிறவர், மாவு ஒட்டிய கையோடு சமையற்காரர், வேறு வார்டில் பார்வை நேரத்துக்குக் காத்திருந்த யாரோ ஒருவரின் மாமா என்று எல்லோரும் ஓடிவந்தார்கள். ஓபல் "இழு, விடு" என்று குரல் கொடுக்க, ஒருவர் கை ஓய்ந்ததும் அடுத்தவர் பிடித்தார். மறுபடி விளக்கு எரியும்வரை அந்தக் கைகள் நிற்கவில்லை. அவர்கள் பெயரெல்லாம் லோட்டிக்குக் கடைசிவரை தெரியாது. கண்ணாடியில் தலைகீழாக ஒரு வழுக்கைத் தலையும், வேர்த்து நனைந்த ஒரு சட்டைக் காலரும் தெரிந்ததுதான் நினைவில் நின்றது.

பனி கொட்டத் தொடங்கியபோது அவள் மூச்சு அவளுக்கே திரும்பி வந்தது. கைகளும் வந்தன. கால்கள் வரவில்லை. அடுத்த வசந்தத்தில், தொடைவரை இரும்புப் பட்டையும் கக்கத்தில் இரண்டு கட்டையுமாக வீட்டுக்கு வந்தாள். ஸ்டாஷ் வாசல் படிகளை இடித்துவிட்டுச் சரிவுப் பலகை போட்டிருந்தான். "ஏறு பீரங்கி, சக்கரம் மட்டும்தான் பாக்கி" என்றான். அவள் கட்டையால் அவன் முழங்காலில் ஒன்று போட்டாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அம்மா சிரிப்பதே குறைந்து போயிருந்தது.

பதினெட்டாவது பிறந்தநாள் ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தது. அடுப்பில் கசகசா கேக் வெந்துகொண்டிருந்தது. முற்பகலில் ரேடியோவில் பாட்டை நிறுத்திவிட்டு அறிவித்தார்கள். பக்கத்திலேயே, ஆன் ஆர்பர் பல்கலைக்கழகத்தில், மருத்துவர்கள் கூடியிருக்கிறார்கள், போலியோ தடுப்பூசி பலிக்கிறது, ஆபத்தில்லாதது. ரூஸ்வெல்ட் இறந்து சரியாகப் பத்து வருஷம் என்றும் அறிவிப்பாளர் சேர்த்துச் சொன்னார்.

அம்மா ரேடியோவை அணைத்தாள். கேக்கை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியே கோயில் மணி அடித்தது. வேறு சபைக்காரர்களின் லூத்தரன் கோயில் மணியும் சேர்ந்துகொண்டது. இரண்டும் ஒன்றாக அடித்து ஊர் அதுவரை கேட்டதில்லை. ஆலைச் சங்கு ஊதியது. லோட்டி கட்டைகளை ஊன்றி முன்வாசல் வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்தாள். தெரு நிறைய ஜனம். முன்பின் பேசாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆனால் பாவ்லாக் வீடு நெருங்கியதும் எல்லோருடைய குரலும் தணிந்தது. அவளைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கிக்கொண்டு கடந்தார்கள். ஒருவர் சவ ஊர்வலத்துக்கு எடுப்பதுபோலத் தொப்பியைக் கழற்றினார்.

அவள் நெஞ்சில் ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. மூன்று வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்பது அங்கே கல்மாதிரி உட்கார்ந்திருந்தது. ஆனால் அதோடு சேர்ந்து மேரிபெத்தின் நினைப்பும் வந்தது. இனிமேல் எந்தச் சிறுமியும் அந்த உருளைக்குள் போகவேண்டியதில்லை. கண்ணாடியில் உலகத்தைத் தலைகீழாகப் பார்க்கவேண்டியதில்லை. அதை நினைத்தபோது கல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. அந்த இடத்தில் சந்தோஷம் வந்து உட்கார்ந்ததை அவளே ஆச்சரியத்தோடு கவனித்தாள்.

வேலிக்கு அருகே வாண்டா நின்றுகொண்டிருந்தாள். வரவும் தெரியாமல் போகவும் தெரியாமல் நின்றாள்.

"என்ன எல்லாரும் இழவு வீட்டைத் தாண்டற மாதிரி போறீங்க?" என்று லோட்டி தெருவே கேட்கச் சொன்னாள். "இன்னிக்கு எனக்குப் பிறந்தநாள். உள்ள கேக் இருக்கு. என் ரெண்டு கையும் கட்டைக்கே சரியாப் போயிடுது, யாராவது எடுத்துட்டு வரணும். வாண்டா அத்தை, நீங்க வாங்க."

போலியோ அட்டை ஒட்டிய நாளுக்குப் பிறகு வாண்டா அந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. சரிவுப் பலகையில் மெல்ல ஏறி உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கேக் அவள் கையில் இருந்தது; பின்னாலேயே ஸ்டெஃபானியா கத்தியோடு வந்தாள். இருவர் கண்ணும் சிவந்திருந்தன. சாமான் அறைக் கதவுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமுமாக என்ன பேசினார்கள் என்று லோட்டி கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஸ்டெஃபானியா கேக்கை மெல்லிசு மெல்லிசாக அரிந்தாள். தெருவே வராந்தாவைச் சூழ்ந்து நின்று தின்றது. தொப்பியைக் கழற்றியவர் இரண்டு துண்டு வாங்கிக்கொண்டார்.

கேக் தீரும் நேரத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் தலைமை ஆபரேட்டர் மிஸ் எல்வுட் காரில் வந்து இறங்கினாள். நடுத்தர வயது, சிடுசிடுப்பான பெண். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் போனை எடுக்கிறது, இருக்கிற பெண்களால் சமாளிக்க முடியவில்லை, கை வேண்டும் என்று வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்தாள். லோட்டியின் குரலைத் தெருக்கோடியிலேயே கேட்டாளாம்.

"உக்காந்த இடத்துலதான் வேலை. கை நல்லா இருக்கில்ல?"

"ரெண்டும் நல்லா இருக்கு."

"அப்ப வண்டியில ஏறு. மாலை மாட்டிக் கூப்பிடுவாங்கன்னு நினைச்சியா?"

அந்த மத்தியானம் முழுவதும் லோட்டி போன் இணைப்புப் பலகையின் முன் உட்கார்ந்து, மிஸ் எல்வுட் சொல்லச் சொல்லக் கம்பிகளைச் செருகினாள். பேச்சைக் கேட்கக் கூடாது என்பது விதி. ஆனால் இணைப்புக் கொடுக்கும் அந்த ஒரு நொடியில் காதில் விழுவதை எப்படித் தடுப்பது? அம்மாக்கள் தங்கள் அம்மாக்களைக் கூப்பிட்டார்கள். பாதிப் பேருக்குப் பேச்சே வரவில்லை. ஒரு பண்ணைக்காரர் டெட்ராய்ட்டில் இருந்த தன் மகளைக் கேட்டு வாங்கி, "பிள்ளையை அழைச்சுட்டுப் போய் ஊசி போட்டுரு, போட்டுரு" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஊர் முழுவதன் மூச்சும் தன் விரல்வழியாகப் போய் வருவதுபோல இருந்தது லோட்டிக்கு. வீட்டுக்கு வந்தபோது விரல்நுனிகள் எரிந்தன. திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

அந்தச் சந்தோஷத்துக்கும் சோதனை வந்தது. சில வாரங்களுக்குள், நாட்டின் வேறொரு மூலையில் ஒரு தொகுதி ஊசிமருந்து கெட்டுப்போய், போட்டுக்கொண்ட பிள்ளைகள் சிலருக்கே நோய் வந்துவிட்டது. ஊசியை நிறுத்தி வைத்தார்கள். மருந்தைச் சரிபார்த்து மறுபடி தொடங்கியபோது, ஊர்த் தாய்மார்கள் பலர் பயந்து பின்வாங்கினார்கள். வாண்டா எக்ஸ்சேஞ்சுக்குப் போன் செய்தாள். யாரையும் இணைக்கச் சொல்லவில்லை.

"லோட்டி, நீயே சொல்லு. பேப்பர்ல அப்படிப் போட்டிருக்கான். நான் எப்படி ஐரீனை அனுப்புவேன்?"

"அனுப்பாட்டி என்ன ஆகும்னு உங்க ஜன்னல்லேர்ந்து தினம் பாக்கறீங்களே, அத்தை."

கடுமையாகச் சொல்லிவிட்டோம் என்று லோட்டிக்குச் சுருக்கென்றது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள், தணிந்த குரலில். "நானும் வர்றேன். அவ என் மடியில உக்காரட்டும்."

பள்ளி விளையாட்டுக்கூடத்தில் ஐரீன் லோட்டியின் மடியில் உட்கார்ந்து, முழங்கால் பட்டையின் பூட்டைத் திறந்து மூடி விளையாடிக்கொண்டே ஊசி போட்டுக்கொண்டாள். ஊசியைவிட அந்தப் பூட்டுத்தான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது. அதைப் பார்த்து இன்னொரு தாய் தன் பையனைக் கொண்டுவந்து அந்த மடியில் உட்காரவைத்தாள். அதன்பின் பல வருஷங்கள், ஊரில் தடுப்பூசி நாள் என்றால் மிஸ் எல்வுட் முணுமுணுத்துக்கொண்டே லோட்டிக்கு விடுப்புக் கொடுப்பாள். ஒவ்வொரு பிறந்தநாளன்றும் லோட்டி நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடுவாள். ஓபல் எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தாள். யார் எடுத்தாலும், சமையலறையானாலும் சரி, நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். எடுத்தவர்களுக்கு ஒன்றும் புரியாது.

சர்க்கரை எடுக்கும் பீட்ரூட்டை லாரியில் ஏற்றி வந்த காசிமிர் டுடெக் அவளைக் கண்ணால் பார்க்கும் முன்பே குரலால் பழகியவன். ஆலையில் இறக்குவதற்கு லாரிகள் வரிசையில் நிற்கும் அக்டோபர் மாதங்களில், எதையாவது சாக்குச் சொல்லி எக்ஸ்சேஞ்சைக் கூப்பிடுவான். நேரில் பார்த்த அன்று, எனக்கு நடக்க வராது, தெரியுமா என்று அவள் கேட்டாள். எனக்குப் பாட வராது, அதுக்கென்ன இப்போ என்றான் அவன். 1963இல் கல்யாணம் நடந்தது. பிள்ளைகள் இல்லை. அப்பா வாலென்டி போனபின் அம்மா அவர்களோடு வந்து இருந்தாள்.

நாற்பத்துநான்காவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை, கொலம்பியா என்ற புதுவகை விண்கப்பல் இரண்டு மனிதர்களை ஏற்றிக்கொண்டு புளோரிடாவிலிருந்து கிளம்புவதாக இருந்தது. கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று ஒத்துவராமல் நின்றுபோயிற்று. ஞாயிறு பன்னிரண்டாம் தேதிக்குத் தள்ளி வைத்தார்கள்.

"அவனுங்களுக்கு வேற நாளே கிடைக்கலியா?" என்றாள் ஸ்டெஃபானியா. எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தேதியை அவள் நம்புவதில்லை.

அது குருத்தோலை ஞாயிறு. காலைப் பூசைக்கு உடுத்திக்கொண்டு மூவரும் டிவி முன் உட்கார்ந்தார்கள். அம்மா செபமாலையை எடுத்துக்கொண்டாள். உதடுகள் அசையத் தொடங்கின. புகையும் நெருப்புமாகக் கிளம்பி, அந்த வெள்ளைக் கப்பல் மேலே மேலே போய்ப் புள்ளியானது. காசிமிர் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். லோட்டி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா டிவியைப் பார்க்கவில்லை. மகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு வெளிய அந்தப் பெட்டிமேல நின்னு நான் என்ன கேட்டேன்னு உனக்குத் தெரியாது" என்றாள் அம்மா. "மூச்சை மட்டும் குடு, காலைக் கேக்க மாட்டேன்னு சொன்னேன். அப்படியே குடுத்துட்டாரு. ரெண்டையும் கேட்டிருக்கணும்டீ. நான்தான் கம்மியாக் கேட்டுட்டேன்."

இருபத்தொன்பது வருஷமாக அம்மாவின் சிரிப்பு எங்கே போயிற்று என்று லோட்டிக்கு அப்போதுதான் தெரிந்தது. காசிமிர் சத்தமில்லாமல் போய் வண்டியை எடுக்கிற சாக்கில் வெளியேறினான். லோட்டி நாற்காலியை இழுத்து அம்மாவின் முழங்காலோடு முழங்கால் ஒட்ட உட்கார்ந்தாள்.

"மூச்சு இல்லாம காலை வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்ணியிருப்பேன்? இந்த மூச்சுலதான் போன்ல பேசினேன். அந்தாளு அதைக் கேட்டுத்தான் வந்தான். சரியாத்தான் கேட்டே. நான் உனக்கு நன்றி சொல்லணும், இத்தனை நாளா யார் யாருக்கோ சொல்லிட்டிருக்கேன்."

அம்மா அழுதாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, மகள் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தாள். "பூசைக்கு நேரமாச்சு. எழுந்திரு பீரங்கி." ஸ்டாஷ் வைத்த பெயரை அவள் வாயிலிருந்து லோட்டி கேட்டது அதுதான் முதல் தடவை.

மூவரும் தாமதமாகத்தான் போனார்கள். ஃபாதரின் பிரசங்கம் பாதி முடிந்திருந்தது. குருத்தோலைக்குப் பதிலாக அவர்களுக்கு மிஞ்சியது, பூனைவால்போல மொட்டு விட்ட வில்லோக் கிளைகள்தான். அம்மா அதில் ஒன்றை எடுத்து, மகளின் கட்டையின் கைப்பிடியில் ரிப்பனால் கட்டிவிட்டாள். செவ்வாய்க்கிழமை அந்த விண்கப்பல் பத்திரமாகத் தரையிறங்கியபோது ஸ்டெஃபானியா அடுப்படியில் நின்றுகொண்டு கைதட்டினாள். அதன்பின் ஏழு வருஷம் இருந்தாள். அந்த வருஷங்களில் வீட்டில் அவள் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது என்று காசிமிர் சொல்வான், புகார் மாதிரி.